பின் கதவுப் பூட்டு

கண்ணா,

இதை ஆபீசில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, பாப்பாவோடு கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் படி. ரெஜி அத்தை பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடாதே. அவள் பெயரை யார் எடுத்தாலும் நீ தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறவன். உன் கல்யாணப் பூசையில், வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும்போது ஃபாதர் அவள் பெயரைச் சொன்னார். நீ பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாய். நூல் அறுந்து பொத்தான் கையோடு வந்துவிட்டது. நேரில் பேசினால் பாதியில் எழுந்து போவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதெல்லாம் என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இதைவிட மோசமான எழுத்துக்கெல்லாம் மார்க் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் மூன்று பேரும் வண்டியில் வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிறீர்கள், பாப்பாவுக்கு மொட்டை போட. மழைக்காலத்தில் ஏன்டா என்றால், "வேண்டுதல் மம்மி, ஜெனி வீட்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்கிறாய். சரி, போய்விட்டு வாருங்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அடையாறில் உன் வீட்டுச் சமையலறையில் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, ஹாலில் நீயும் ஜெனியும் போட்ட சண்டை என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. உங்கள் ஃபிளாட்டில் சுவர் என்பது பெயருக்குத்தான். முந்தின நாள் சாயங்காலம் சிக்னலில் நிற்கும்போது பாப்பா பின் கதவுப் பிடியை இழுத்து, கதவு திறந்து, பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் பிரேக் அடித்து, "இன்னா சார், கொயந்தைய இப்டி வுட்டுகினு போறியே, கதவ லாக் பண்ண மாட்டியா" என்று திட்டினாராம். அதனால் வீட்டுக்கு வந்ததும் ஜெனி பின் கதவில் சைல்ட் லாக்கைப் போட்டாள். கதவின் ஓரத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு நெம்பி இருக்குமே, அதைத் தள்ளிவிட்டால் உள்ளேயிருந்து எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது, வெளியேயிருந்துதான் திறக்கும். நீ அதை எடுத்துவிட்டாய். அவள் திரும்பப் போட்டாள், நீ திரும்ப எடுத்தாய். ஏன் என்று அவள் கத்தினபோது நீ குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாய். "அந்த லாக்தான் எங்க அத்தையக் கொன்னுச்சு. அத ஏன் போட்டாங்க தெரியுமா? நான் கதவத் தொறந்தேன், அதனால போட்டாங்க. என்னாலதான் ஜெனி."

என் கையிலிருந்த மீன் சிங்க்கில் விழுந்தது. குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன். ஆறு வயசிலிருந்து இதைச் சுமந்துகொண்டிருக்கிறாயா? பள்ளிக்கூடம் போய், கல்லூரி போய், வேலைக்குப் போய், தாலி கட்டி, பிள்ளை பெற்று, இத்தனைக்கும் நடுவில் இது உள்ளே இருந்திருக்கிறதா? பெற்றவள் எனக்குத் தெரியவில்லையேடா.

அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் முழுசாகச் சொன்னதில்லை. உனக்கு ஞாபகம் இருப்பது துண்டு துண்டாகத்தான் இருக்கும். மீதியைத் துக்கத்துக்கு வந்தவர்களின் பேச்சைக் கேட்டு நீயே ஒட்டவைத்திருக்கிறாய். ரெஜி உன் டாடியின் ஒரே தங்கை. மறுநாள் அவளுக்குக் கல்யாணம். கூறைப்புடவைக்குக் குஞ்சம் கட்டவும் ரவிக்கை தைக்கவும் மேற்கு மாம்பலத்தில் ஒரு தையல்காரரிடம் கொடுத்திருந்தோம். அதை வாங்கிக்கொண்டு, தி.நகர் வழியாக மயிலாப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்று மாலையே கோவிலில் ஃபாதர் ஜெபம் சொல்லி அந்தப் புடவையை மந்திரிக்க வேண்டும். மந்திரிப்பதற்கு முன்னால் கூறைப்புடவையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்பது உன் டாடி வீட்டுப் பழக்கம். மழை நனைத்த கூறை கட்டினவள் கண்ணீரோடு வாழ்வாள் என்று அந்த வீட்டில் ஒரு பயம். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள், அவர்களைவிட அதிகமாகப் பயந்தேன். முன் சீட்டில் புடவைப் பையை மடியில் வைத்து, அதற்கு மேல் என் முந்தானையைப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ரெஜியும் நீயும். அவள் கையில் மருதாணி சிவந்திருந்தது. நீ அதை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாய், அவள் சிரித்தாள்.

ரயில் பாதைக்கு அடியில் போகும் சப்வேயில் இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் போன வேன் போய்விட்டது, நாமும் போய்விடலாம் என்று டாடி வண்டியை விட்டார். நடுப்பள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. அப்போது தண்ணீர் சக்கரத்தில் பாதிதான் இருந்தது. அப்போதே நாம் நான்கு பேரும் கதவைத் திறந்து, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, முட்டியளவுத் தண்ணீரில் நடந்து மேலே ஏறியிருக்கலாம். மேட்டில் நின்றவர்கள் கத்தினார்கள். "இன்னாமா உள்ளயே குந்திகினு கீறீங்க, எறங்கி வாங்கமா" என்று ஓர் அம்மா அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். ரெஜி கண்ணாடியை இறக்கத் தொடங்கினாள். "ஏத்துடி, புடவை நனையும்" என்று நான் சொன்னேன். இது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், நான் ஒளித்ததில்லை. அவள் உடனே ஏற்றிவிட்டாள். டாடி இறங்கித் தள்ளப் போனார். அவர் கதவைத் திறந்தபோது கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்தது, அதற்கும் "மூடுங்க, மூடுங்க" என்றேன். அவர் மூடிவிட்டுப் பின்பக்கம் போனார்.

அதற்குப் பிறகு ஓரத்துக் கால்வாய் நிரம்பி, சுவருக்கு மேலாக வழிந்து மொத்தமாகப் பள்ளத்தில் இறங்கியது. தண்ணீர் படிப்படியாக ஏறும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை, கண்ணா. கதவுக்குக் கீழே இருந்தது, நான் பையைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கண்ணாடியில் நிற்கிறது. கண்ணாடிப் பொத்தானை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை, கரண்ட் செத்துவிட்டது. யாரையாவது கூப்பிட்டு உதவி கேட்கலாம் என்று போனைத் தேடினேன். பெல்ட்டைக் கழற்றாமலே குனிந்து தேடினேன், பெல்ட் கழுத்தை இறுக்கியது. எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். செய்திருக்க வேண்டியது முதலில் பெல்ட், உடனே கண்ணாடி, பிறகு பிள்ளை, அதற்குப் பிறகு நாம். போன் வெளியே வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். கண்ணாடி இறங்குவதற்கு வண்டி கொடுக்கும் நேரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் ஒரு புடவைக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படி. நான் என் பக்கக் கதவைத் திறக்கப் பார்த்தேன். முன் கதவு. அதில் சைல்ட் லாக் என்று ஒன்று கிடையவே கிடையாது. பூட்டை எடுத்துவிட்டு, பிடியை இழுத்து, தோளால் முட்டினேன், இரண்டு காலையும் தூக்கி உதைத்தேன். சுவரை உதைப்பதுபோல இருந்தது. டாடி வெளியே மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு பின் கதவை இழுத்தார், ரெஜியின் பக்கம் ஒரு முறை, உன் பக்கம் ஒரு முறை. வெளியேயிருந்து இழுத்தால் அந்த நெம்பி தடுக்காது, தெரியுமில்லையா? கைப்பிடி அவர் கையோடு பிய்ந்து வந்தது, கதவு வரவில்லை. அவர் ஓட்டின பக்கத்துக் கதவு, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவரே திறந்து இறங்கிய கதவு, அதுவும் வரவில்லை. நான்கு கதவும் திறக்கவில்லை, கண்ணா. தண்ணீர் சாய்ந்து நிற்கும் கதவு திறக்காது. அதில் பூட்டு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்புக்கு நான் வருஷா வருஷம் நடத்தின பாடம் இது. ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டவள் நான். அதன் பிறகு அந்தப் பாடத்தை நான் நடத்தவே இல்லை. வேறு டீச்சரிடம் கொடுத்துவிட்டு அந்த நேரத்தில் கழிப்பறையில் போய் நிற்பேன்.

லுங்கி கட்டின ஒருத்தர் நடைபாதைக் கல்லோடு நீந்தி வந்தார். என் பக்கக் கண்ணாடியின் நடுவில் அடித்தார், கல் வழுக்கியது. "ஓரத்துல அடி நைனா, மூலையில போடு" என்று மேட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். மூலையில் அடித்ததும் விரிசல் விட்டது. ஆனால் வெயிலுக்கென்று நாம் ஒட்டியிருந்த கறுப்புப் படம் கண்ணாடியை விழவிடாமல் பிடித்துக்கொண்டது. அதைக் கையால் கிழித்தார்கள். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை தட்டியது. "அண்ணி, புள்ளையப் புடிங்க." அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு சீட்டுக்கு நடுவில் உன்னைத் தலைகீழாகத் தள்ளினாள், நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொடுத்தேன், டாடி வாங்கிக்கொண்டார். பிறகு யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் வெளியே வந்து திரும்பினபோது வண்டியின் முன்பக்கம் கீழே சாய்ந்துவிட்டது. டாடி அந்த ஜன்னல் வழியாகத் தலையை விட்டுக் கையால் துழாவினார். திரும்பத் திரும்பத் துழாவினார். அந்த லுங்கிக்காரரும் மூழ்கிப் பார்த்தார். அவளைக் கொண்டுவரும்போது நேரம் கடந்துவிட்டது.

மறுநாள் கல்யாணத்துக்கு வந்த ஜனம் அடக்கத்துக்கு நின்றது. கல்யாணம் ஆகாத பெண் என்பதால் மணப்பெண்ணாகத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். புடவைப் பையும் வண்டியிலிருந்து வந்திருந்தது. உன் டாடியின் அம்மா அதை அலசி, இஸ்திரி போட்டு, ஃபாதரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கினார்கள். நான்தான் உடுத்திவிட்டேன். மடிப்பு எடுக்கும்போது கரை ஓரத்தில் இன்னும் ஈரம் இருந்தது. இன்றைக்கும் பட்டுப்புடவைக் கடைக்குள் போனால் எனக்கு அந்த ஈரம் விரலில் படுகிறது. ஜெனிக்குக் கூறை எடுக்க நான் வராமல் தலைவலி என்று படுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். அவளிடம் சொல், தப்பாக நினைத்திருப்பாள்.

அந்தத் துக்க வீட்டில்தான் பேச்சு கிளம்பியது. எதனால் இப்படி ஆயிற்று என்று யாராவது ஒரு காரணம் கேட்பார்கள், யாராவது ஒரு காரணம் சொல்வார்கள். "பின்னாடி லாக் போட்டிருந்தாங்களாம்பா" என்று ஒருவர் சொல்ல, "பையன் போன மாசம் சிக்னல்ல கதவத் தொறந்துட்டானாம், அதான் போட்டிருக்காங்க" என்று இன்னொருவர் முடித்துவைத்தார். நீ பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாய். உனக்கு என்ன புரியும் என்று நினைத்தேன். உன் டாடிக்குப் புரிந்தது, அவர் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். லாக்கைத் தன் கையால் போட்டவர் அவர்தான். சாகும்வரை ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தெருவில் நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார், யாராவது குழந்தையை உள்ளே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று. "என் கதவும்தான் திறக்கலை, நீங்க வெளியேயிருந்து இழுத்தும்தான் வரலை" என்று அவரிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. தலையை ஆட்டுவார், நம்பமாட்டார். அவரிடம் அத்தனை முறை சொன்னவள் உன்னிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நீயும் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த அறையில் படுத்திருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நானும் ஒன்றும் சுகமாக இல்லை. எந்த வண்டியில் ஏறினாலும் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி வைத்துக்கொள்கிறேன், ஏசி வீணாகிறது என்று நீ திட்டுவாய். சப்வே வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி இறங்கி மேலே நடந்து போய் அந்தப் பக்கம் ஏறிக்கொள்கிறேன். முன் சீட்டில் உட்கார்ந்தால் தோளில் அந்தக் கை தட்டுகிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன். அதன் பிறகு காரின் பின் சீட்டில் நான் உட்கார்ந்ததே கிடையாது. நீ கவனித்திருக்க மாட்டாய். பாட்டிக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் என்று பாப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

அதனால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்காகச் சிலது செய். சீட் கவர் தைத்தவன் ஹெட்ரெஸ்டையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறான், பிடித்து இழுத்தேன், வரவில்லை. அதைப் பிரித்துவிடு, ஓர் ஆபத்தில் கண்ணாடியை உடைக்க அதன் கம்பி உதவும். அதை மட்டும் நம்பாதே, கண்ணாடி உடைக்கிற சின்னச் சுத்தியல் ஒன்று வாங்கி உன் கைக்கு எட்டும் இடத்தில் கட்டி வை. டேஷ்போர்டுக்குள் போட்டு மேலே பேப்பரை அடைத்துவைக்காதே. உடைப்பதானால் பக்கக் கண்ணாடி, அதுவும் மூலையில். முன் கண்ணாடியோடு மல்லுக்கட்டாதே, அது லேசில் உடையாது. படம் கிடம் எதுவும் ஒட்டாதே, பாப்பாவுக்கு வெயில் அடித்தால் துணி போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் தேங்கின பள்ளத்தைப் பார்த்தால் முன்னால் போனவன் போய்விட்டான் என்று நீயும் இறக்காதே, திரும்பி வா, அந்த மாதாவுக்கு ஒரு நாள் தாமதமானால் கோபம் வராது. எஞ்சின் நின்றால் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகிக்கொண்டு உட்காராதே. முதலில் எல்லாக் கண்ணாடியையும் இறக்கு, பிறகு யோசி. உள்ளே தண்ணீர் நிறைந்தால் கதவு தானே இளகும் என்று சொல்வார்கள். அது எல்லா வழியும் அடைபட்ட பிறகு உள்ள வழி, அதை நம்பிக் காத்திருக்காதே. ஜெனி கட்டியிருப்பது என்ன புடவையானாலும் சரி, பாப்பாவின் மொட்டைக்கு என்ன சட்டை எடுத்திருந்தாலும் சரி, நனையட்டும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, உனக்கு அறிவுரை சொல்கிற நான் அந்தப் பூட்டைக் கண்டு பயந்துகொண்டிருந்தால் நீ எப்படிப் பயப்படாமல் இருப்பாய் என்று தோன்றியது. நேற்று மத்தியானம் நீ ஆபீசில் இருக்கும்போது ஆட்டோ பிடித்து அடையாறுக்குப் போனேன். ஜெனியை வண்டிச் சாவியோடு கீழே கூட்டிக்கொண்டு வந்தேன். பின் கதவில் லாக்கைப் போடச் சொன்னேன். "மம்மி, அவர் கோச்சுக்குவாரு" என்றாள். "போடுமா" என்றேன். பிறகு நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஜெனி கதவைச் சாத்திவிட்டு முன்னால் உட்கார்ந்து சாவியைப் போட்டாள். பிடியை இழுத்தேன், திறக்கவில்லை. இரண்டாவது முறை இழுத்தேன். மழை இல்லை, வண்டி நகரவில்லை, வாட்ச்மேன் வெளியே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், எனக்கு மட்டும் மூச்சு முட்டியது. கண்ணாடிப் பொத்தானை அழுத்தினேன், அதுவும் இறங்கவில்லை. "அத நான்தான் முன்னாடி ஆஃப் பண்ணி வச்சிருக்கேன் மம்மி, பாப்பா அமுக்கிடுதுன்னு" என்று ஜெனி பதறிக்கொண்டு டிரைவர் பக்கப் பொத்தானைத் தட்டினாள். அதைத் தண்ணீர் தேங்கும் பாதையில் ஒருபோதும் அப்படி வைக்காதீர்கள். "நான் வந்து தொறக்கட்டுமா மம்மி?" என்றாள். வேண்டாம் என்றேன்.

மறுபடி அழுத்தினேன். கண்ணாடி இறங்கியது. கையை வெளியே விட்டு வெளிப்பிடியை இழுத்தேன், கதவு திறந்தது. பூட்டு போட்டபடியேதான் இருந்தது. பாப்பாவின் கை அங்கே எட்டாது, பெரியவர்கள் கை எட்டும். நான் இறங்கி நின்றேன். ஜெனி அழுதாள், நானும் அழுதேன், வாட்ச்மேன் குழாயைக் கீழே போட்டுவிட்டு இன்னாமா ஆச்சு என்று ஓடி வந்தார். பூட்டை எடுக்காமல்தான் வந்திருக்கிறேன். நீயும் எடுக்காதே. அத்தை சாவதற்கு முந்தின மாசம் சிக்னலில் பஞ்சு மிட்டாய்க்காரர் போனார், நீ கதவைத் திறந்தாய். ஆறு வயசுப் பையன் திறக்கத்தான் செய்வான். நீ செய்தது அவ்வளவுதான், கண்ணா.